பாஸ்கா இரவின் ஏழு வாசகங்கள்: விழிப்பு இரவும் பழைய மறையுரைகளும்

கடலோர வாசகி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பங்குக் கோவிலில் பதினோரு வருடமாக வாசகம், அதாவது விவிலியப் பகுதி, வாசிக்கிறேன். இந்தப் பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தின இரவு விழிப்பில், நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பாஸ்கா திருவிழிப்புக்குப் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டு என்று மொத்தம் ஒன்பது வாசகங்கள் உண்டு. உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனது, செங்கடலைக் கடந்தது, எசாயாவிலிருந்து இரண்டு, பாரூக்கு, எசேக்கியேல் என்று போகும். தேவை இருந்தால் ஏழைக் குறைத்துக்கொள்ளலாம், மூன்றுக்குக் குறையக் கூடாது, செங்கடல் பகுதியை மட்டும் எதற்காகவும் விடக் கூடாது என்பது விதி. எங்கள் ஊரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே மூன்றுதான்.

இந்த வருடம் ஈசாக்கு பகுதியையும் சேர்க்கலாம் என்று என்னிடம் கொடுத்தார்கள். தவக்காலம் முழுக்க வீட்டில் வாசித்துப் பழகினேன். மலையேறும்போது மகன் "அப்பா!" என்கிறான், அவர் "என்ன மகனே?" என்கிறார். அந்த இரண்டு வரியை எப்படி வாசிப்பது என்பதற்கே ஒரு வாரம் ஆனது. அன்றிரவு நெருப்பு மந்திரித்து, பாஸ்கா திரியோடு உள்ளே வந்து, புகழுரை பாடி முடித்து முதல் வாசகமும் ஆனபின், நேரமாகிவிட்டது, அது வேண்டாம் என்று சைகை வந்தது. சரி என்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் சாமியின் மறையுரை, அதாவது பிரசங்கம், ஐம்பது நிமிடம் போனது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மறையுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இரவு முதலில் எதற்காக இருந்தது? பழைய ஆயர்கள் (பிஷப்புகள்) இந்த இரவில் எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு வாசிக்க விட்டார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி

அக்கா, உங்கள் கேள்விக்கு ஹிப்போ நகரத்தில் நல்ல பதில் இருக்கிறது. இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா. புனித அகுஸ்தீனார் அங்கே 430ல் சாகும்வரை முப்பது வருடத்துக்கு மேல் ஆயராக இருந்தார். அவர் பேசியதைச் சுருக்கெழுத்தர்கள் அப்படியே எழுதி வைத்ததால் நூற்றுக்கணக்கான மறையுரைகள் மிஞ்சியிருக்கின்றன. பாஸ்கா இரவை 'எல்லாத் திருவிழிப்புகளுக்கும் தாய்' என்று சொன்னது அவர்தான்.

அந்த வரி வரும் மறையுரையை முழுதாக எடுத்து வாசியுங்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். பாஸ்கா இரவில் அவர் பேசியதாக நமக்குக் கிடைத்தவற்றில் பல இப்படித்தான், ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். பேச வராதவர் இல்லை. மற்ற நாட்களில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் பேசியிருக்கிறார். ஆப்பிரிக்காவில் அன்று ஆயர் உட்கார்ந்து பேசுவார், மக்கள் நின்று கேட்பார்கள். மாலையில் ஏற்றிய விளக்கோடு, பட்டினியோடு, வாசகமும் திருப்பாடலும் செபமுமாக மணிக்கணக்கில் நின்றவர்களிடம் அவர் சுருக்கமாகச் சொன்னதெல்லாம், ஏன் விழித்திருக்கிறோம் என்பது மட்டும்தான். தூக்கம் சாவைப் போன்றது, சாவை வென்றவரின் இரவில் தூங்காதிருக்கிறோம். அதோடு ஓர் அழகான வார்த்தையும் உண்டு. இன்றிரவு நம்மைப் பகைக்கும் உலகமும் தூங்கவில்லை, ஒப்புரவான உலகமும் தூங்கவில்லை என்கிறார். பகைப்பவர்களில் சிலருக்குத் துயரத்தால் தூக்கம் வரவில்லையாம், சிலருக்கு வெட்கத்தால். விசுவாசத்தை நெருங்கிவிட்ட சிலருக்கு அச்சத்தால்.

அந்த இரவின் பாரத்தைச் சுமந்தவை வாசகங்கள்தான். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் பாஸ்கா இரவுக்கு என்னென்ன வாசித்தார்கள் என்பது அர்மேனிய மொழியில் ஒரு பட்டியலாகக் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு வாசகங்கள். யோனா புத்தகமும் அதில் இருக்கிறது, எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகளும், தீச்சூளையில் போடப்பட்ட மூவரும். உங்கள் ஈசாக்கும் அங்கே இரண்டாவதாகத்தான் வருகிறான்.

பொருநைக்கரை

நான் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. எங்களுக்கு முழு இரவு என்றால் டிசம்பர் 31 ஆராதனை. பன்னிரண்டு மணி அடிக்கும்போது முழங்காலில் இருப்போம், வாக்குத்தத்த வசனம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். ரொம்ப நாளாக அது யாரோ சமீபத்தில் ஏற்படுத்திய பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

அதன் வேர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் போகிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் கிங்ஸ்வுட் என்ற ஊர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களில் சிலர் அங்கேயுள்ள பள்ளிக்கூடத்தில் கூடி, இரவின் பெரும்பகுதியை ஜெபத்திலும் பாட்டிலும் கழிக்க ஆரம்பித்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி வெஸ்லியிடம் சிலர் ஆலோசனை சொன்னார்கள். அவரோ யோசித்து, ஆதிக் கிறிஸ்தவர்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தடுக்கக் காரணம் இல்லை என்று முடிவு செய்தார். பௌர்ணமிக்கு மிக அருகில் வரும் வெள்ளிக்கிழமை நானும் உங்களோடு விழித்திருப்பேன் என்று சொல்லி அனுப்பினார். ஏன் பௌர்ணமி? போகவும் வரவும் வெளிச்சம் வேண்டும் அல்லவா. தெருவிளக்கு இல்லாத காலத்தில் சுரங்கத் தொழிலாளி நள்ளிரவில் வீடு திரும்ப நிலா வேண்டும். 1740களின் தொடக்கம் இது.

இன்னொன்று. 1862 டிசம்பர் 31 இரவு அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சபைகளில் விழித்திருந்தார்கள். மறுநாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வர இருந்தது. செங்கடல் பகுதியை விடவே கூடாது என்று அக்கா எழுதியதை வாசித்ததும் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. 'அது கர்த்தருக்கென்று விழித்திருக்கும் இரவு' என்ற பொருளில் யாத்திராகமம் 12லேயே இருக்கிறது.

நேர்வழி

சகோதரரே, ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் சபையில் மாதம் ஒரு முழு இரவு ஜெபம் உண்டு. அதில் வசன வாசிப்பு கொஞ்சம், பிரசங்கம் நீளம். வருகிறவர்களில் பாதிப்பேர் கட்டட வேலை, வீட்டு வேலை செய்கிறவர்கள். எசேக்கியேலை விளக்கம் இல்லாமல் வாசித்துவிட்டுப் போனால் அவர்கள் என்ன எடுத்துக்கொண்டு போவார்கள்? துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி மட்டும் பிரசங்கித்தார் என்று அப்போஸ்தலர் 20ல் இருக்கிறதே. கேட்டுக்கொண்டிருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து, தூக்கியெடுத்து, மேலே வந்து அப்பம் பிட்டபிறகும் விடியும்வரை பேசினார். நீண்ட பிரசங்கத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி எது?

பழஞ்சுவடி

நியாயமான கேள்வி, நேர்வழி. பவுல் மறுநாள் புறப்படுகிறவர், அந்தச் சபையிடம் சொல்லிக்கொள்ள அவருக்கு அந்த ஓர் இரவுதான் இருந்தது. அது அளவில்லாமல் பேச வேண்டிய இரவு. எந்த இரவுக்கு என்ன தேவை என்பதைப் பழையவர்கள் பிரித்து அறிந்திருந்தார்கள் என்றுதான் சொல்கிறேன்.

அதே அகுஸ்தீனாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் மைன்ஸ் நகர நூலகத்துக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் அவருடைய மறையுரைகள் சிலவற்றை 1990ல் பிரான்சுவா டோல்போ என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டெடுத்தார். அதில் ஒன்று சனவரி 1 அன்று பேசியது, 404 வாக்கில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வாய்விட்டு வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அவர் பேசியதாகக் கிடைத்தவற்றிலேயே மிக நீளமானது அதுதான். காரணம் இருந்தது. அன்று ஊர் முழுக்க ரோமப் புத்தாண்டுக் களியாட்டம், பரிசு மாற்றிக்கொள்வது, குடி, சூதாட்டம். கிறிஸ்தவர்களை உண்ணாநோன்பு இருக்கச் சொல்லிக் கோவிலில் கூட்டியிருக்கிறார். வெளியே சத்தம், உள்ளே அவருடைய பேச்சு. உங்கள் டிசம்பர் 31 ஆராதனையில் நீண்ட பிரசங்கம் இருப்பதற்கு இதைவிட நெருக்கமான முன்னோடி கிடைக்காது. ஆனால் பாஸ்கா இரவில் அதே மனிதர் சில நிமிடத்தில் முடித்துக்கொண்டார்.

விளக்கம் வேண்டாமா என்று கேட்டீர்களே, அதற்கு மெலிட்டோவைப் பார்க்க வேண்டும். சர்தை நகரத்து (இன்றைய துருக்கி) ஆயர், இரண்டாம் நூற்றாண்டு. யூத நாட்காட்டியின் நிசான் 14ஆம் நாள் இரவிலேயே பாஸ்கா கொண்டாடிய மரபு அவருடையது. அவருடைய பாஸ்கா மறையுரை ஏறக்குறைய முழுசாக 1940ல்தான் அச்சுக்கு வந்தது, பாப்பிரஸ் ஏட்டிலிருந்து. எபிரேயரின் விடுதலைப் பயணம் இப்போது வாசிக்கப்பட்டது என்றுதான் அது தொடங்குகிறது. முதலில் வாசிப்பு, அப்புறம் அந்த வாசிப்பு எப்படிக் கிறிஸ்துவைப் பேசுகிறது என்ற விளக்கம். நீளமாகவே பேசுகிறார், ஆனால் வாசித்த பகுதியை ஒரு இடத்திலும் கைவிடவில்லை. ஆடு, வாசல்நிலை, இரத்தம், இரவு என்று அதையே திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டு போகிறார். ஒரு வகையில் பாட்டு அது. வெளிப்படுத்தின விசேஷத்தில் சர்தை சபைக்கு வந்த கடிதம் 'விழித்துக்கொள்' என்று சொல்வதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே மறையுரையின் பின்பாதி, கடவுளைக் கொன்றது இஸ்ரயேல் என்று குற்றம் சாட்டுகிறது. அந்தக் குற்றச்சாட்டின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அது. புனித நாட்களில் அப்படிப் பேசிப் பேசி வளர்ந்த பகையால் எத்தனையோ நூற்றாண்டுகள் யூத மக்கள் பெரிய வெள்ளி வந்தாலே பயந்து கதவடைத்தார்கள். யூதரை 'விசுவாசமற்றவர்' என்று குறித்த இழிசொல்லைப் பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து 1959ல்தான் திருத்தந்தை 23ஆம் யோவான் எடுத்தார். மெலிட்டோவின் முன்பாதியை நான் மனப்பாடமாகச் சொல்வேன். பின்பாதியை எந்தக் கோவிலிலும் வாசிக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இரவுப்பணி

நான் செவிலியர். அரசு மருத்துவமனையில் வார்டு டூட்டி. விழிப்பு இரவைப் பற்றிப் பேசும்போது யாரால் வர முடிந்தது, யாரை வர விட்டார்கள் என்பதையும் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

தெர்த்துல்லியான் என்ற ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் மனைவிக்கு எழுதியதில் ஒரு கேள்வி இருக்கிறது. கிறிஸ்தவர் அல்லாத கணவன், பாஸ்கா அன்று மனைவி இரவு முழுக்க வெளியே தங்குவதை எப்படிப் பொறுத்துக்கொள்வான்? அந்தக் காலத்தில் பெண்கள் அந்த இரவு வெளியே தங்கினார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. அப்புறம் நூறு வருடத்தில் ஸ்பெயினில் எல்விரா நகரில் கூடிய ஆயர்கள் சங்கம், பெண்கள் கல்லறைத் தோட்டத்தில் இரவு விழிப்பு இருக்கக் கூடாது என்று தடை போட்டது, செபம் என்ற சாக்கில் தப்பு நடக்கிறதாம். விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுசார் (ஜெரோம்) விழிப்பு இரவுகளைத் தீவிரமாக ஆதரித்தவர். தப்பு செய்கிற சிலருக்காகப் பக்தியுள்ளவர்களின் விழிப்பை நிறுத்த முடியாது, அப்படிப் பார்த்தால் பாஸ்கா இரவையும் நிறுத்த வேண்டும் என்று 406ல் வாதாடினார். அவரே ஒரு தாய்க்கு எழுதும்போது, விழிப்பு இரவில் மகள் உன்னைவிட்டு விரற்கடைகூட நகரக் கூடாது என்கிறார்.

இத்தனைக்கும் நடுவே, எருசலேமின் விழிப்பு இரவுகளைப் பற்றி நமக்கு விவரமாகச் சொன்னது எகேரியா என்ற ஒரு பெண்தான். மேற்கிலிருந்து போன திருப்பயணி, 380களின் தொடக்கம். ஊரில் இருந்த தன் சகோதரிகளுக்கு எழுதியது 1884ல் இத்தாலியின் அரெத்சோ நகரில் கிடைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் கோழி கூவுமுன்பே கூட்டம் முற்றத்தில் விளக்கோடு உட்கார்ந்திருக்கும், கதவு திறக்கும்வரை பாடிக்கொண்டிருக்கும் என்கிறார். ஆயர் கிரேக்கத்தில் பேசுவார், பக்கத்தில் ஒரு குரு நின்று சிரியாக்கில் மொழிபெயர்ப்பார், இரண்டும் தெரியாத இலத்தீன்காரர்களுக்கு அங்கே இருக்கும் சகோதரர், சகோதரிகள் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு சொல்லும் யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாது என்ற அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேர்வழி அண்ணன் கவலைப்பட்டதும் இதற்காகத்தானே.

எனக்கு மனசில் நிற்பது பெரிய வியாழன் இரவு. ஒலிவ மலையிலிருந்து கெத்செமனிக்கு, இருநூறுக்கு மேல் மெழுகுதிரிகளோடு இறங்குகிறார்கள். நோன்பாலும் விழிப்பாலும் களைத்த கூட்டம், சின்னக் குழந்தைகளும் உண்டு, அதனால் மெல்ல மெல்ல நடக்கிறார்கள். ஆண்டவர் கைது செய்யப்பட்ட பகுதியை வாசிக்கும்போது அழுகைச் சத்தம் நகரம்வரை கேட்கும் என்கிறார். விடியும் நேரத்தில் சிலுவை நின்ற இடத்துக்கு வந்ததும் ஆயர் பேசுகிறார். என்ன பேசினார் தெரியுமா? இரவெல்லாம் பாடுபட்டீர்கள், இன்று பகலிலும் பாடு இருக்கிறது, சோர்ந்துவிடாதீர்கள், இப்போது வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் உட்காருங்கள், காலை எட்டு மணிவாக்கில் திரும்பி வாருங்கள். அவ்வளவுதான்.

இரவு டூட்டி முடிந்து போகும்போது யாராவது இப்படி ஒரு வார்த்தை சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாஸ்கா இரவில் நான் பெரும்பாலும் வார்டில்தான் இருந்திருக்கிறேன்.

குழித்துறைக்காரன்

இரவுப்பணி அக்காவுக்கு. நாங்கள் மலங்கரை முறை, சிரியாக் மரபு வழிபாடு. எங்கள் இரவுச் செபத்துக்கு லிலியோ என்று பெயர், சிரியாக்கில் இரவு என்று பொருள். உறங்காதவரே, எங்களைப் பாவ உறக்கத்திலிருந்து எழுப்பும், உமது விழிப்பை நாங்கள் புகழ்வோம் என்பதாக அதன் தொடக்கம். சிரியாக்கில் வானதூதருக்கு 'ஈரா' என்று ஒரு பெயர் உண்டு. விழித்திருப்பவர் என்று பொருள்.

373ல் எதேசாவில் இறந்த புனித எப்ரேம் இந்தச் சொல்லை வைத்தே கிறிஸ்து பிறப்பு விழிப்புக்குப் பாட்டுகள் கட்டியிருக்கிறார். விழித்திருப்பவர் இறங்கி வந்து மண்ணிலும் விழித்திருப்போரை உண்டாக்கினார் என்பார். அவருக்கு மறையுரை என்றாலே பெரும்பாலும் பாட்டுதான். அந்தப் பாட்டுகளைப் பாடப் பெண்களைக் கூட்டிப் பாடகர் குழு நடத்தினார் என்று பின்னால் வந்த சிரியாக் கவிஞர் சேருகு யாக்கோபு புகழ்ந்திருக்கிறார்.

ஒரு பாட்டில் எப்ரேம் கேட்கிறார்: கண் திறந்திருந்தால் விழிப்பு ஆகிவிடுமா? திருடனும் விழித்திருக்கிறான். வியாபாரி காசை எண்ணிக்கொண்டு விழித்திருக்கிறான். யூதாசும் இரவு முழுக்கத் தூங்கவில்லை. அப்படியென்றால், நோயாளி பக்கத்தில் இருந்தவர் பாஸ்காவைத் தவறவிட்டார் என்று எப்ரேம் சொல்லியிருக்க மாட்டார் என்றே எனக்குப் படுகிறது.

நேர்வழி

குழித்துறை தம்பி எழுதியதை எங்கள் ஜெபக்குழுவில் வாசித்துக் காட்டினேன். எருசலேமின் மொழிபெயர்ப்பாளர் விஷயமும் சொன்னேன். ஒன்று கேட்கிறேன், பழஞ்சுவடி: இரவுக் கூட்டம் என்றால் பழைய காலத்திலும் கூத்தும் கும்மாளமும் கலந்துதானே இருந்திருக்கும்? எங்கள் ஊர்ப் பக்கம் தேர்ப்பவனி இரவுகளில் பார்க்கிறோம்.

பழஞ்சுவடி

இருந்தது. கார்த்தேஜில் (இன்றைய துனிசியா) அங்கே ஆயராக இருந்து மறைசாட்சியான புனித சிப்ரியானின் திருநாள் செப்டம்பர் 14. அவருடைய கல்லறை இருந்த இடத்தில் முன்பு இரவெல்லாம் ஆட்டமும் பாட்டுமாக இருந்தது என்று அகுஸ்தீனார் அங்கேயே நின்று மக்களுக்கு நினைவூட்டுகிறார். கார்த்தேஜ் ஆயர் அவுரேலியுசு இரவை அப்படியே வைத்துக்கொண்டு அதைத் திருவிழிப்பாக மாற்றினார், ஆட்டம் ஓய்ந்தது.

மிலானில் இன்னொரு இரவு. 386ல், கிறிஸ்து தந்தைக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுசின் பிரிவினருக்காக அரசி யுஸ்தினா ஆலயத்தைக் கேட்டு நெருக்கியபோது, மக்கள் ஆயர் அம்புரோசியாரோடு சாகத் துணிந்து கோவிலுக்குள்ளேயே இரவும் பகலும் இருந்தார்கள். சோர்ந்துபோகாமல் இருக்கக் கிழக்கத்திய முறையில் பாட்டுகள் பாட வைத்தார் என்று அகுஸ்தீனார் எழுதுகிறார். அந்த விழிப்பில் முன்னால் நின்றவர்களில் அகுஸ்தீனாரின் அம்மா மோனிக்காவும் ஒருவர். அடுத்த வருடம் 387 பாஸ்கா இரவில் மகன் அதே ஆயரிடம் திருமுழுக்குப் பெற்றார்.

பொருநைக்கரை

என் பழைய பதிவுக்கு ஒரு சேர்க்கை. பாஸ்காவே பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதானே. அப்படியென்றால் கெத்செமனிக்கு இறங்கிய அந்தக் குழந்தைகளுக்கும் நிலவு இருந்திருக்கும். வெஸ்லி தேடிய அதே வெளிச்சம்.

கடலோர வாசகி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாப் பதிவையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆச்சி ஒன்று சொல்வார், நான் நம்பியதில்லை. அவர் சிறுமியாக இருந்தபோது பாஸ்கா சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடுமாம், பத்து மணி வெயிலில் மெழுகுதிரி ஏற்றுவார்களாம். விசாரித்துப் பார்த்தேன், உண்மைதான். பல நூற்றாண்டுகளாக இந்த விழிப்பு முன்னால் முன்னால் நகர்ந்து சனிக்கிழமைக் காலைக்கே வந்துவிட்டிருந்தது. 'இதுவே அந்த இரவு' என்று திரும்பத் திரும்ப வரும் புகழுரையைப் பகல் வெளிச்சத்தில் பாடியிருக்கிறார்கள். 1951ல் திருத்தந்தை 12ஆம் பயஸ்தான் அதை மறுபடி இரவுக்குக் கொண்டுபோக அனுமதித்தார், 1956லிருந்து எல்லா இடத்துக்கும் அதுவே முறை. அதாவது, இரவு தொலைந்தது, திரும்பக் கிடைத்தது. அதைத் தெரிந்துகொண்டபின் என் வருத்தம் பாதி குறைந்துவிட்டது, வாசகமும் திரும்பக் கிடைக்கும் என்று தோன்றியது.

பங்குச் சாமியைப் போய்ப் பார்த்தேன். குறையாக எதுவும் சொல்லவில்லை. ஈசாக்கு பகுதியை அவர் அறையிலேயே வாசித்துக் காட்டினேன், அகுஸ்தீனாரின் பாஸ்கா இரவு மறையுரையைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன், எகேரியா கேட்ட அந்த விடியற்காலைப் பேச்சையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஏழு வாசகத்துக்கும் ஆளைப் பிடித்துப் பயிற்சி கொடுங்கள், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்குள் பட்டியல் வேண்டும், என் பேச்சை நான் சுருக்கிக்கொள்கிறேன் என்றார்.

ஆறு பேர் கிடைத்துவிட்டார்கள். படைப்புப் பகுதியை இரவுப்பணி கேட்டிருந்தார், அவரும் எங்கள் மறைமாவட்டம்தான் என்று தனிச்செய்தியில் தெரிந்தது, அந்த வாரத்துக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். பாரூக்கு என்றதும் எல்லாரும் பின்வாங்கினார்கள். எங்கள் கோவிலில் பாஸ்கா இரவில் அதை யாரும் கேட்டதே இல்லை, அதனால் அதை நான் எடுத்துக்கொண்டேன். ஈசாக்கை அடுத்த தெருப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன், பதினேழு வயசு. வாரம் ஒருநாள் வந்து வாசித்துக் காட்டுகிறான். அந்த "அப்பா!" வந்ததும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்றுதான் அடுத்த வரிக்குப் போகிறான். நான் திருத்தவில்லை.